கே. எஸ். கிருஷ்ணனின் காந்த ஆய்வும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையும்

முன்னுரை

1910-இல் உருவான இராமநாதபுரம் மாவட்டம் கிழக்கே திருவாடானைக் கடற்கரை முதல் மேற்கே வத்திராயிருப்பு மலையடிவாரம் வரை பரந்திருந்தது. அவ்வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். இராமன் விளைவைக் கண்டறிவதில் துணைநின்றவர் என்ற அளவிலேயே இவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். கரிம வேதியியலின் அடிப்படைக் கொள்கையொன்றுக்கு இவரது காந்த ஆய்வுகள் அளித்த சான்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

படிகமும் காந்தமும்

1928-இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிருஷ்ணன், படிகங்களைக் குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் அவை திரும்பும் அளவைக் கணக்கிட்டார். குகா, பானர்ஜி ஆகியோருடன் 1933-இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விளக்குகிறது. அந்துருண்டையாக நாம் அறிந்த நாப்தலீன் போன்ற அரோமேட்டிக் சேர்மங்களில், வளையத் தளத்திற்குச் செங்குத்தான திசையில் டயாகாந்தத் தன்மை மிகுதியாக இருந்தது. 1936-இல் கேத்லீன் லான்சுடேலுடன் இணைந்து, இவ்வேறுபாட்டிற்கும் படிக அமைப்பிற்குமுள்ள தொடர்பை அவர் நிறுவினார்.

காரணம் யாது? எலக்ட்ரான்கள் இரு கார்பன்களுக்கிடையே மட்டும் அடைபட்டிருந்தால் இத்துணை வேறுபாடு தோன்றாது. அவை வளையம் முழுதும் சுழல்கின்றன என 1936-இல் பாலிங் விளக்கினார். அடுத்த ஆண்டில் லண்டன், ஹூக்கல் 1931-இல் வகுத்த பை மூலக்கூறு ஆர்பிட்டால் முறையைக் கொண்டு அதனைக் கணித வழியில் நிறுவினார்.

வினைத்திறன்

வளையம் முழுதும் பரவிய அதே ஆர்பிட்டால்கள் வினைத்திறனையும் விளக்குகின்றன. நாப்தலீனில் நைட்ரோ ஏற்றம் பெரிதும் முதல் கார்பனிலேயே நிகழ்கிறது. எலக்ட்ரான் நிரம்பியவற்றுள் உயர்ந்த ஆற்றலுடைய ஆர்பிட்டாலே இதனை முடிவு செய்கிறது என 1952-இல் ஃபுக்குயி குழுவினர் காட்டினர். ஹூக்கல் கணக்கீட்டின்படி, அந்த ஆர்பிட்டாலின் இரு எலக்ட்ரான்களின் அடர்த்தி முதல் கார்பனில் 0.362, இரண்டாம் கார்பனில் 0.138. எலக்ட்ரான் நாடும் வினைபொருள் அடர்த்தி மிக்க இடத்தை அடைகிறது. இக்கொள்கைக்காக ஃபுக்குயி, ஹாஃப்மனுடன் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்.

முடிவுரை

கிருஷ்ணன் வினைத்திறன் கொள்கையை வகுத்தவர் அல்லர். காந்தப் பண்பு எல்லாப் பை எலக்ட்ரான்களையும் சார்ந்தது. ஃபுக்குயியின் கொள்கையோ எல்லை ஆர்பிட்டாலை முதன்மைப்படுத்துவது. எனினும், எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவியுள்ளன என்ற கருத்து இரண்டிற்கும் பொதுவானது. அக்கருத்திற்கு அளவீட்டுச் சான்று வழங்கியவர் என்ற முறையில், இராமன் விளைவுக்கு அப்பாலும் கிருஷ்ணனுக்குக் கரிம வேதியியல் வரலாற்றில் தனியிடம் உண்டு என்பது தெளிவாகிறது.