பாறையடியில் ஓர் ஊர்: லெஸேஸியின் வரலாறு

பிரான்சின் தென்மேற்கில், பெரிகோர் என்ற பழைய பெயராலேயே இன்றும் அறியப்படும் வட்டாரத்தில், வெஸேர் ஆற்றங்கரையில் இருக்கிறது லெஸேஸி. ஒரு முதன்மைத் தெரு, ஒரு சிறிய ரயில் நிலையம், ஆற்றுக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவே ஒண்டி நிற்கும் வீடுகள். சில வீடுகளுக்குப் பின்சுவரே கிடையாது, பாறைதான் சுவர். மனிதனின் பழமையைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் நடந்த பெரிய வழக்குகளில் பல இந்த ஊரையும் இதன் சுற்றுப்புறத்தையும் சாட்சிக்கு அழைத்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாறைதான். ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது. அதன் அடுக்குகள் ஒரே கடினம் உடையவை அல்ல. மில்வாஷ் பீடபூமியில் பிறந்து, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, லிமேய் என்ற ஊரில் தோர்தோஞ் ஆற்றில் கலக்கும் வெஸேர், வழியில் இந்தக் கல்லை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியது. பனியுகக் குளிரில் விரிசல்களில் புகுந்த நீர் உறைந்து விரிந்து மென்மையான அடுக்குகளை உதிர்த்தது. கடினமான மேலடுக்கு தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டு நின்றது. மழையும் வாடைக்காற்றும் அண்டாத, தெற்குப் பார்த்ததாக இருந்தால் குளிர்காலத்திலும் வெயில் விழும் இந்தப் பாறைத் தாழ்வாரங்களில்தான் பழைய மனிதர்கள் குடியிருந்தார்கள். கல்லுக்குள் நீர் குடைந்த ஆழமான, இருண்ட குகைகள் வேறு. அங்கே அவர்கள் பெரும்பாலும் வரையவே போனார்கள்; வாழப் போகவில்லை.

இன்றைய பள்ளத்தாக்கை வைத்து அன்றைய நிலத்தைக் கற்பனை செய்வது கடினம். இன்று வெயில் படும் சரிவுகளில் இலையுதிராத ஓக் மரங்களும் ஜூனிபர் புதர்களும் அடர்ந்திருக்கின்றன. ஆற்றோரம் பாப்ளர் வரிசைகள், சமவெளியில் வால்நட் தோப்புகள். பாறை முகடுகளில் வல்லூறு கூடு கட்டுகிறது. ஊரருகே வெஸேரில் கலக்கும் பெயூன் சிற்றாற்றின் பள்ளத்தாக்கு இன்னும் சதுப்பாகவே இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி பனியுகம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவை. அதற்கு முன் இங்கே இருந்தது திறந்த புல்வெளி. அதில் பனிமான், காட்டுக்குதிரை, காட்டெருமை, மாமத யானை. தாழ்வாரங்களின் குப்பை அடுக்குகளில் கிடைக்கும் எலும்புகளில் பனிமானுடையவை மிகுதி.

பனியுகத்தோடு பாறைக் குடியிருப்பு முடிந்துவிடவில்லை. ஆற்றில் சற்று மேலே, ஒரு கிலோமீட்டர் நீளமும் 80 மீட்டர் உயரமும் கொண்ட லா ரோக் சென்-கிரிஸ்தோஃப் பாறையின் தட்டுகளில் இடைக்காலத்தில் ஒரு கோட்டையும் ஊரும் இருந்தன. மதப் போர்களின்போது 1588இல் அவை இடிக்கப்பட்டன. லா மாத்லென் என்ற இடத்தில் பாறையடி வீடுகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆட்கள் இருந்தார்கள். லெஸேஸியை ஒட்டிய தயாக்கில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று உண்டு. தொழுகைக்கும் தற்காப்புக்கும் சேர்த்துக் கட்டியதால் கோபுரங்களோடு கோட்டைபோல் நிற்கிறது.

வெளியுலகம் இங்கே வந்தது 1863இல். பெரிகே நகரிலிருந்து ஆஜேன் செல்லும் ரயில் பாதை அந்த ஆண்டு திறக்கப்பட்டது. அதே ஆண்டில் எதுவார் லார்தே என்ற பிரெஞ்சுத் தொல்லுயிர் ஆய்வாளரும், அவருக்குப் பணம் கொடுத்து உடன் உழைத்த ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயரும் அகழ்வைத் தொடங்கினர். லோஜெரி, லா மாத்லென், லெ முஸ்தியே என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வாரங்கள் தோண்டப்பட்டன. மறைந்துபோன விலங்குகள் வாழ்ந்த காலத்தில் மனிதனும் வாழ்ந்தானா என்பதே அன்றைய கேள்வி. எலும்பும் கற்கருவியும் ஒரே மண்ணில் கிடந்தால்கூட, வெள்ளம் அடித்துக் கலந்திருக்கும் என்று சொல்லிவிட முடிந்தது. 1864இல் லா மாத்லெனில் கிடைத்த தந்தத் துண்டு அந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. மாமத யானையின் தந்தத்தில் மாமத யானையின் உருவமே கீறப்பட்டிருந்தது. பார்த்தவன்தான் வரைந்திருக்க முடியும். அப்போது உடனிருந்தவர்களில் ஒருவர் ஹியூ ஃபால்கனர். சகாரன்பூரிலும் கல்கத்தாவிலும் தாவரவியல் பூங்காக்களின் கண்காணிப்பாளராக இருந்து, சிவாலிக் மலைகளில் புதைபடிவ யானைகளை ஆராய்ந்தவர்.

1868இல் நிலையத்துக்கு அருகே நடந்த சாலை, ரயில் வேலைகளில் மண் எடுத்தபோது குரோ-மாக்னன் என்ற இடத்தில் மனித எலும்புகள் தென்பட்டன. லார்தேயின் மகன் லூயி அவற்றை ஆய்ந்தார். ஆண், பெண், குழந்தை எனக் குறைந்தது ஐந்து பேருடைய எலும்புகள், கூடவே துளையிட்ட கடற்சிப்பிகள். கடலோ அங்கிருந்து வெகுதூரம். ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமையான அந்த மனிதர்கள் உடலமைப்பில் இன்றைய மனிதர்களே. குரோ-மாக்னன் மனிதன் என்ற பெயர் பின்னர் உலகப் பாடநூல்களில் ஏறியது. லெ முஸ்தியே, லா மாத்லென் ஆகியவையும் கற்கருவி மரபுகளின் பெயர்களாயின. இவ்வளவு சிறிய வட்டாரம் இத்தனை காலப்பகுதிகளுக்குப் பெயர் கொடுத்தது வேறெங்கும் அரிது.

பெயர்கள் தங்கின, பொருள்கள் தங்கவில்லை. கிறிஸ்டியின் சேகரிப்பில் கணிசமான பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது, குரோ-மாக்னன் எலும்புகள் பாரிசுக்கு. நிலத்தடியில் இருப்பது நிலக்காரருக்கே உரியது என்ற நிலையில் இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. உழவர்கள் தாழ்வாரங்களைக் குத்தகைக்கு விட்டார்கள். கூலிக்குத் தோண்டவும் செய்தார்கள். இந்த வணிகத்தைப் பெரிய அளவில் நடத்தியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓட்டோ ஹவுசர். 1908இல் லெ முஸ்தியேயில் நியாண்டர்தால் இளைஞன் ஒருவனின் எலும்புக்கூடு அவர் கையில் கிடைத்தது. முக்கிய விருந்தினர் வரும்போதெல்லாம் அதை மண்ணிட்டு மூடி, அவர்கள் எதிரே மீண்டும் ‘கண்டுபிடித்து’க் காட்டினார். மறு ஆண்டு கொம்ப்-கபெல் என்ற இடத்தில் கிடைத்த இன்னோர் எலும்புக்கூட்டையும் சேர்த்து, பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் பெருந்தொகைக்கு விற்றார். இரண்டாம் உலகப் போரில் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் நியாண்டர்தால் இளைஞனின் உடல் எலும்புகளில் பெரும்பகுதி அழிந்தது. மண்டையோடு சோவியத் ஒன்றியம் வரை போய்த் திரும்பியது.

இதற்கு எதிரணியில் நின்றவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் தெனி பெய்ரோனி. 1901 செப்டம்பரில், லூயி கப்பித்தான், ஆபே புரோய் ஆகியோருடன் சேர்ந்து அவர் சில நாள் இடைவெளியில் இரண்டு குகைகளை உலகுக்கு அறிவித்தார். கொம்பாரெல் குகையில் நூற்றுக்கணக்கான கீறல் உருவங்கள். ஃபோன்-த-கோமில் சிவப்பும் கறுப்புமாய் வண்ணம் தீட்டிய காட்டெருமைகள். ஃபோன்-த-கோம் ஊராருக்குப் புதிய இடம் அல்ல. உள்ளே போய்த் தங்கள் பெயர்களைச் சுவரில் கிறுக்கியும் வந்திருக்கிறார்கள். ஓவியம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. ஸ்பெயினில் 1879இல் கண்டறியப்பட்ட அல்டமீரா ஓவியங்களை அறிஞர்கள் போலி என்று தள்ளிவந்த காலம் அது. லெஸேஸியின் சான்றுகள் அந்த மறுப்பை நிற்கவிடவில்லை. மறுத்தவர்களில் முன்னணியில் இருந்த எமில் கர்த்தயாக் 1902இல் தம் தவறை அச்சிலேயே ஒப்புக்கொண்டார்.

பெய்ரோனியின் பெரிய சாதனை கண்டுபிடிப்பு அல்ல, தடுத்து நிறுத்தியது என்றே சொல்ல வேண்டும். ஊருக்கு அருகே ஒரு தாழ்வாரத்தின் கூரையில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள சால்மன் மீன் ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வயது ஏறக்குறைய 25,000 ஆண்டுகள். 1912இல் அது தெரிய வந்ததும், பெயர்த்தெடுத்து பெர்லினுக்கு விற்க ஏற்பாடானது. மீனைச் சுற்றிப் பாறையில் துளைகளும் போடப்பட்டுவிட்டன. அதிகாரிகளுக்குச் செய்தி எட்டி, அரசு தலையிட்டு, அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. மீனைச் சூழ்ந்த ஆழமான வெட்டுத்தடம் இன்றும் அப்படியே இருக்கிறது. பெய்ரோனியின் முயற்சியால் 1913இல் ஊருக்கு மேலே பாறைத் தட்டில் இடிந்து கிடந்த 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையை அரசு வாங்கியது. கிடைப்பதை ஊரிலேயே வைப்பதற்கான அருங்காட்சியகம் அங்கே உருவானது. 2004இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்துடன் அதுவே இன்றைய தேசிய வரலாற்றுக்கு முந்தைய கால அருங்காட்சியகம். கோட்டைத் தளத்தில் பால் தார்தே செதுக்கிய ஆதிமனிதன் சிலை 1931 முதல் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது. கூன் விழுந்த, முரட்டு உருவம். அடியில் கிடைத்த குரோ-மாக்னன் மனிதர்களுக்கும் அதற்கும் எந்தச் சாயலும் இல்லை.

ஹவுசர் முதல் உலகப் போர் தொடங்கியதும் 1914இல் ஊரைவிட்டு ஓடினார். விற்பனை அதோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. பெயூன் பள்ளத்தாக்கில் 1909இல் வெளிப்பட்ட காப் பிளாங் என்ற இடத்தில், உயிரளவுக் குதிரைகளைச் செதுக்கிய பாறைச்சுவரின் அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு இருந்தது. அது 1926இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அனுமதி இல்லாமல் எவரும் அகழக்கூடாது என்று பிரான்சில் சட்டம் வந்தது 1941இல்தான்.

அதற்குப் பிந்தைய அகழ்வின் போக்கே வேறு. ஊர்த் தெருவை ஒட்டிய பத்தோ தாழ்வாரத்தில் 1950களிலும் 60களிலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாலம் மோவியஸ் பெரிய அணியுடன் வேலை செய்தார். ஏறக்குறைய 35,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 14 குடியிருப்பு அடுக்குகள், 9 மீட்டர் ஆழத்துக்கு, கட்டம் கட்டமாகப் பிரித்துப் பதிவாயின. லார்தேயின் ஆட்கள் அழகிய பொருள்களைத் தேடினார்கள். மோவியஸ் அடுப்புச் சாம்பலையும் பனிமான் பல்லையும் அவை கிடந்த இடத்தோடு குறித்துக்கொண்டார்.

1979இல் யுனெஸ்கோ வெஸேர் பள்ளத்தாக்கின் 15 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மேல் ஆற்றோரம் மொந்திஞாக் அருகே 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோவும் ஒன்று. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்த லாஸ்கோ, கூட்டத்தின் மூச்சுக்காற்றும் ஈரமும் விளக்கொளியும் சுவரில் பாசி படரச் செய்ததால் 1963இல் மூடப்பட்டது. இன்று போகிறவர்கள் பார்ப்பது நகலைத்தான். லெஸேஸியின் ஃபோன்-த-கோமில் மூல ஓவியங்களையே இன்னும் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு நாளில் உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கைக்குக் கடுமையான வரம்பு உண்டு. வழிகாட்டியுடன் சிறு குழுவாகவே செல்ல வேண்டும். நெடுநேரம் நிற்கவும் விடமாட்டார்கள்.