கணியன் காலத்துக் கோப்பும் மெய்நிகர் கணினியும்

1990களில் தட்டச்சான தேர்வுத்தாளை இன்று திறந்தால் என்ன தெரிகிறது? தமிழ் இல்லை, தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள். ஆசிரியர்களே, அதை அழித்துவிடாதீங்க.

அன்று பல எழுத்துருக்கள் 128 முதல் 255 வரையிலான எண்களில் தமிழை உட்கார வைத்தன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஆளுக்கொரு விதம். 'கணியன்' மென்பொருளைத் தந்தவர் நம் தேசியக் கல்விக் கழகத்தின் நா. கோவிந்தசாமி. இந்தக் குழப்பத்தைப் பேச 1997 மே மாதம் தமிழ்நெட் '97 மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டியவரும் அவரே. 1999 சென்னை மாநாடு டாம், டாப் என்று தரம் வகுத்தது. ஒன்று கேட்டோம், இரண்டு கிடைத்தது! 1991லேயே யூனிகோடில் தமிழ் இருந்தும், விண்டோஸ் 2000தான் அதை மேசைக்குக் கொண்டுவந்தது.

அக்கால 16-பிட் மென்பொருள் இன்றைய 64-பிட் விண்டோஸில் ஓடாது. எனவே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் எக்ஸ்பியையும் பழைய எழுத்துருவையும் போடுங்கள். கோப்பு அழகாகத் தெரியும். அங்கிருந்து நகலெடுத்து வெளியே ஒட்டினால் மறுபடி குப்பை. கிளிப்போர்டு கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம். தேக்காவில் பழைய கடை எண்ணைத் தேடிப் போனால் அதே எண்ணில் இன்று வேறு கடை இருக்குமே, அந்தக் கதைதான்: எண் மாறவில்லை, அதைப் படிக்கும் முறை மாறிவிட்டது.

ஆகவே ஒட்டாமல், கோப்பையே பகிர்வு ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து, அது எந்தக் குறியேற்றம் என்று பார்த்து, அதற்குரிய யூனிகோடு மாற்றியில் போடுங்கள். ஃபோல்டர் தெரியவில்லையா? மெய்நிகர் கணினிக்குள் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவாமல் இருக்கலாம். விண்டோஸ் 98க்கு அது கிடையாது. பிளாப்பி படக்கோப்பில் சேமித்து வெளியே கொண்டுவரலாம்.