பலெர்மோவின் நீல அட்டைப் புத்தகங்கள்

இத்தாலியின் பெரிய பதிப்பகங்கள் வடக்கே மிலான், டூரின் நகரங்களைத் தளமாகக் கொண்டவை. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் கணிசமாகக் குடியேறியுள்ள சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ, எழுத்தாளர்களைத் தந்த அளவுக்கு அவர்களது எழுத்தால் வருவாய் கண்டதில்லை.

பலெர்மோவைச் சேர்ந்த தொமாசி தி லம்பெதூசாவின் 'சிறுத்தை' நாவலே இதற்குத் தக்க சான்று. அதை நிராகரித்தவர்களுள் எலியோ வித்தொரினி தாமே ஒரு சிசிலியர். ஆசிரியர் 1957-ல் காலமானார். மறு ஆண்டு மிலானின் ஃபெல்த்ரினெல்லி நிறுவனம் அதை வெளியிட்டுப் பெரும் விற்பனை கண்டது.

இந்நிலையை ஓரளவு மாற்றியது செல்லெரியோ பதிப்பகம். 1969-ல் எல்விரா செல்லெரியோ, தமது வேலையிலிருந்து விலகியபோது கிடைத்த பணத்தை முதலாக இட்டு, புகைப்படக் கலைஞரான கணவர் என்ஸோவுடன் பலெர்மோவில் இதைத் தொடங்கினார். எழுத்தாளர் லியொனார்தோ ஷாஷா உறுதுணையாக இருந்தார். 1979-ல் 'நினைவு' என்ற பெயரில், கரு நீல அட்டையுடன் கையடக்கமான நூல் வரிசை ஒன்று ஆரம்பமானது. அந்தோனியோ தபூக்கியின் 'இந்திய இரவு' 1984-ல் இவ்வரிசையில்தான் வெளிவந்தது. அதன் நாயகன் நண்பனைத் தேடி மும்பையிலிருந்து சென்னைக்கும் வருகிறான்.

தரத்துக்குக் குறைவில்லை, ஆனால் பெருவருவாயைக் கொணர்ந்தவர் அந்திரெயா கமில்லேரி. நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய இவரது முதல் நாவல் சுமார் பத்தாண்டுகள் பதிப்பாளரின்றிக் கிடந்து, 1978-ல் வெளியாகிக் கவனம் பெறாமலே போயிற்று. இத்தாலியத்துடன் சிசிலிப் பேச்சுவழக்கைக் கலந்து எழுதுவது அவர் பாணி. இச்சொற்களை யார் படிப்பார்கள் என்று ஷாஷாவே ஐயுற்றதாகக் கமில்லேரி பின்னாளில் கூறியிருக்கிறார்.

1994-ல், எழுபதை நெருங்கும் வயதில், காவல் அதிகாரி மொந்தல்பானோ தோன்றும் முதல் நாவலை எழுதினார். 1999-ல் அரசுத் தொலைக்காட்சியான ராய் இக்கதைகளைத் தொடராக்கியதும் விற்பனை மேலும் பெருகியது. அவரது நூல்கள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளன. தடையெனக் கருதப்பட்ட அந்த வழக்குமொழியே வாசகரை ஈர்த்தது என்பதுதான் இதில் வியப்பு. அவர் பிறந்த போர்த்தோ எம்பெதொக்ளே நகரம், கதையில் வரும் கற்பனை ஊரான விகாத்தாவின் பெயரையும் 2003-ல் தன் பெயருடன் சேர்த்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப் பின் கைவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் காலத்தில், கோயம்புத்தூரின் ராஜேஷ்குமார் 1500-க்கும் அதிகமான நாவல்களை எழுதினார். கமில்லேரியும் அளவுகோல் வைத்து எழுதியவரே: பதினெட்டு அத்தியாயம், அத்தியாயத்துக்குப் பத்துப் பக்கம். வேறுபாடு பதிப்பில் இருக்கிறது. தமிழில் மாத நாவலுக்கு ஒரு கடை, இலக்கியத்துக்கு வேறு கடை. பலெர்மோவிலோ மொந்தல்பானோவும் ஷாஷாவும் ஒரே நீல அட்டையில் வந்தனர். துப்பறியும் கதை ஈட்டிய பணம், குறைவாக விற்கும் நூல்களையும் தாங்கியது. தமிழ்ப் பதிப்புலகம் இதைப் பெரிதாக முயன்று பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஒரே பெயரை நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. கமில்லேரி தமது மொந்தல்பானோ சிறுகதைகளை மிலானின் மொந்ததோரி நிறுவனத்துக்கும் கொடுத்தார். ஆயினும் மொந்தல்பானோ நாவல்களைச் செல்லெரியோவிடமிருந்து எடுத்துச்செல்லவில்லை. தொடரின் இறுதி நாவலையும் 2005 வாக்கிலேயே எழுதி ஒப்படைத்துவிட்டார். எல்விரா 2010-லும், கமில்லேரி 2019 ஜூலையிலும் காலமாகினர். 'ரிக்கார்தினோ' என்ற அந்நாவல் 2020 ஜூலையில் வெளியானது.

அதற்குள் எல்விராவின் மகன் அந்தோனியோ பொறுப்பேற்றிருந்த பதிப்பகம், மார்கோ மல்வால்தி, அந்தோனியோ மன்ஸீனி ஆகியோரின் குற்றக் கதைகளையும் அதே நீல வரிசையில் சேர்த்திருந்தது. அவ்விருவர் கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களாகிவிட்டன.