கணக்கு அறிக்கைகளின் வாசிப்பெளிமை அளவீடு

ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை போன்றவற்றைப் படித்துப் புரிந்துகொள்வது எவ்வளவு எளிது என்பதை எண்ணால் மதிப்பிடும் முறை. ஜெர்மனியில் இதற்குச் சட்ட அடிப்படையே உண்டு. வணிகச் சட்டத்தின் 243ஆம் பிரிவு ஆண்டுக் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது; 322ஆம் பிரிவு, தணிக்கை முடிவு பொதுமக்களுக்கும் புரியும்படி அமைய வேண்டும் என்கிறது.

ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் ஆங்கிலத்துக்கு வகுத்த சூத்திரத்தை டோனி ஆம்ஸ்டாட் 1978இல் ஜெர்மன் மொழிக்கு மாற்றியமைத்தார். ஒரு வாக்கியத்தின் சராசரிச் சொற்களையும், ஒரு சொல்லின் சராசரி அசைகளை 58.5ஆல் பெருக்கிய தொகையையும் 180இலிருந்து கழிக்க வேண்டும். மதிப்பெண் கூடினால் நடை எளிது. நீண்ட கூட்டுச்சொற்கள் மலிந்த ஜெர்மன் மொழிக்கு இம்மாற்றம் இன்றியமையாதது.

அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த ஃபெங் லீ (2008), லாபம் குறைந்தவற்றின் அறிக்கைகள் கடினமாக இருப்பதைக் காட்டினார். முதலீட்டாளருக்கு இது முக்கியமான எச்சரிக்கை. ஆனால் 2014இல் லஃப்ரன், மெக்டொனால்ட் இருவரும் அசை எண்ணிக்கையையே மறுத்தனர்: ‘நிர்வாகம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் நீளமானாலும் முதலீட்டாளர் எவருக்கும் புரியும். கோப்பின் அளவே நல்ல அளவுகோல் என்றனர். அந்த மறுப்பு நியாயமானது. எனினும் கோப்பின் அளவு வாக்கியத்தின் தெளிவைச் சொல்வதில்லை.