களைத்த இதயத்துக்கு இரு வழிகள்: விண்ணோடப் பம்பும் வரிக்குதிரை மீனும்

முன்னுரை

மாரடைப்பில் இறந்துபோகும் இதயத் தசைக்கு ஈடாக மனித உடல் புதிய தசையைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. அவ்விடத்தில் தழும்பே விழுகிறது. எஞ்சிய தசை கூடுதல் சுமையை இழுத்து நாளடைவில் களைக்கிறது. மாற்று இதயம் தீர்வுதான். ஆனால் தானமாகக் கிடைக்கும் இதயங்கள் தேவையைவிட மிகக் குறைவு. எனவே ஆய்வாளர்கள் வேறு இரு வழிகளைத் தேடினர்: இதயத்தின் சுமையைப் பொறியிடம் ஒப்படைப்பது, தசையை மீண்டும் வளரச் செய்வது. முதல் வழிக்கு விண்வெளிப் பொறியியலும் இரண்டாவதற்கு மீன் உயிரியலும் வலுவூட்டின. தனித்தனியே வளர்ந்த இவ்விரு மரபுகளும் 2015இல் ஒரே கேள்வியில் சந்தித்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

விண்ணோடத்திலிருந்து அறுவை அரங்குக்கு

ஹூஸ்டனில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையப் பொறியாளர் டேவிட் சாசியர், 1984இல் மாற்று இதயம் பெற்றார். அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கியுடன் அவருக்கு ஏற்பட்ட பழக்கம் கூட்டாய்வாக வளர்ந்தது. உடலுக்குள் பொருத்தத்தக்க சிறிய இதய உதவிப் பம்பு ஒன்றை உருவாக்குவதே இலக்கு.

தொடக்க வடிவங்கள் இரு குறைகளால் தடுமாறின. வேகமாகச் சுழலும் இறக்கைகள் சிவப்பணுக்களைச் சிதைத்தன. ஓட்டம் மந்தமான இடங்களில் இரத்தம் உறைந்தது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் செட்டின் கிரிஸ், டோச்சன் க்வாக் ஆகியோர், விண்ணோட எஞ்சினில் எரிபொருள் பாய்வதைக் கணிக்கப் பயன்பட்ட கணினி முறையை இரத்த ஓட்டத்துக்குப் பொருத்தினர். ராக்கெட் பம்புகளில் இருப்பதுபோல, முதன்மைச் சுழலிக்கு முன்னால் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் பகுதி சேர்க்கப்பட்டது. சிவப்பணுச் சிதைவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1998 நவம்பரில் இப்பம்பு ஐரோப்பாவில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

மீனிடமிருந்து கற்றது

இரண்டாம் மரபுக்கு இதயநோயைக் குணப்படுத்தும் நோக்கமே தொடக்கத்தில் இல்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், முதுகெலும்பிகளின் மரபியலை ஆராய வரிக்குதிரை மீனைத் தேர்ந்தெடுத்து, 1981இல் அதன் படியாக்கம் குறித்த முடிவுகளை வெளியிட்டார். இம்மீனின் கரு ஒளி ஊடுருவக்கூடியது. துடிக்கும் இதயத்தை வெளியிலிருந்தே காணலாம். மிகச் சிறியதாதலால் இரத்தச் சுற்றோட்டம் இல்லாமலும் சில நாள் உயிர்வாழும். எனவே கடுமையான இதயக் கோளாறுகளையும் அதில் ஆராய முடிந்தது. 1996இல் டூபிங்கனிலும் பாஸ்டனிலும் நடந்த பெரிய மரபணுத் தேடல்களின் முடிவுகள் வெளிவந்தபோது, இதயக் குறைபாடுள்ள பல திரிபுகள் தெரியவந்தன.

2002இல் கென்னத் பாஸ், லிண்ட்சே வில்சன், மார்க் கீட்டிங் ஆகியோர் வளர்ந்த மீனின் கீழறையில் சுமார் 20 விழுக்காட்டை வெட்டியெடுத்தனர். இரண்டே மாதங்களில் தசை மீண்டும் வளர்ந்தது. அது எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே உள்ள தசைச் செல்களே முதிர்ச்சியைத் தளர்த்திக்கொண்டு பிரிகின்றன என்று 2010இல் இரு குழுக்கள் காட்டின. மறு ஆண்டு டல்லாஸ் ஆய்வாளர்கள், பிறந்து ஒரு நாளான எலிக்குட்டிக்கும் இத்திறன் இருப்பதையும் ஏழாம் நாளுக்குள் அது மறைவதையும் கண்டறிந்தனர். பாலூட்டியின் இதயத்துக்கும் இத்திறன் உண்டென்றால், அது ஏன் அடங்குகிறது என்பதே அடுத்த வினாவாயிற்று.

இரு மரபுகளின் சந்திப்பு

டல்லாஸ் குழுவைச் சேர்ந்த ஹேஷம் சாடெக், பிறப்புக்குப் பின் பெருகும் ஆக்சிஜனும் மைட்டோகாண்ட்ரியச் செயல்பாடும் செல்பிரிவை நிறுத்துவதாக விளக்கினார். அப்படியானால் இதயத்தின் சுமையைக் குறைத்து மைட்டோகாண்ட்ரியச் செயல்பாட்டைத் தணித்தால் என்ன நேரும்? 2015இல் அவரது குழு, உதவிப் பம்பு பொருத்தப்பட்டவர்களின் இதயத் திசுவை ஆராய்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் பம்புடன் இருந்தவர்களிடம் தசைச் செல் பிரிவின் அறிகுறிகள் கூடியிருந்தன. இழந்த தசை முழுதும் மீண்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆயினும், மாற்று இதயம் வரும்வரை உயிர்காக்கும் கருவியாகக் கருதப்பட்ட பம்பு, இதயம் தன்னைச் சீர்செய்துகொள்ள வாய்ப்பளிக்கும் சிகிச்சையாகவும் ஆகலாம் என்ற கருத்துக்கு இது ஆதாரம் தந்தது.

முடிவுரை

ராக்கெட் எரிபொருளைக் கணித்தவர்களோ சிறு மீனின் மரபியலை ஆராய்ந்தவர்களோ இம்முடிவை முன்கூட்டித் திட்டமிட்டிருக்க முடியாது. அடிப்படை ஆய்வுக்கு உடனடிப் பயனை நிபந்தனையாக விதித்திருந்தால் இரண்டாம் மரபு தொடங்கியே இராது. துறைகளுக்கிடையே கதவுகள் மூடியிருந்தால் முதல் மரபு தொடங்கியிராது. ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் இவ்விரண்டையும் ஒருசேரக் காக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.