இடிந்த தேவாலயம் காத்த எலும்பு

கோடை விடுமுறைக்குக் கோவா செல்லும் பயணிகளுள் பலர் ஒரு முற்பகலைப் பழைய கோவாவுக்கு ஒதுக்குகின்றனர். பணஜியிலிருந்து மாண்டவி ஆற்றங்கரையையொட்டி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு. புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள பாம் ஜீசஸ் பேராலயத்தில் வரிசை எப்போதும் நீளமானது. சாலைக்கு மறுபுறம் சே பேராலயம். 1510 நவம்பர் 25, புனித கத்தரீனாவின் திருநாள். அன்று அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றியதன் நினைவாகவே இப்பேராலயம் அப்புனிதைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் இரு கோபுரங்களுள் ஒன்று 1776இல் விழுந்தது. பின்னர் அது எழுப்பப்படவேயில்லை.

இவ்விரண்டையும் கண்டபின் மேற்கே குன்றின்மீது ஏறுவோர் சிலரே. அங்கே 46 மீட்டர் உயரத்துக்கு ஒரு செம்புரைக்கல் கோபுரம் தனித்து நிற்கிறது. அதைச் சுற்றிலும் கூரையற்ற சுவர்கள். தரையெங்கும் எழுத்துப் பொறித்த கல்லறைப் பலகைகள். வைகாசி வெயிலில் ஒதுங்க நிழலில்லை. கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு பயணி இறங்கிவிடுகிறார். ஆனால் பழைய கோவாவின் மிக வியப்பான வரலாறுகளுள் ஒன்று அந்த இடிபாட்டிலிருந்துதான் கிடைத்தது.

அகஸ்தீன் சபைத் துறவியர் கோவாவுக்கு வந்தது 1572இல். குன்றின்மேல் அவர்கள் எழுப்பிய அருளன்னை தேவாலயம் 1602இல் நிறைவுற்றது. அதே ஆண்டில் இச்சபையினர் பாரசீகத்தின் இஸ்பஹானிலும் ஒரு மடம் நிறுவினர். கோவா அவர்களுடைய கீழைநாட்டுப் பணிகளுக்குத் தலைமையிடம். பாரசீகத்தில் நடந்தவற்றின் செய்தியும் சில வேளைகளில் அங்கிருந்து பொருள்களும் இக்குன்றுக்கு வந்து சேர்ந்தன. இந்தத் தொடர்பை மனத்திற்கொண்டால்தான் ஜார்ஜிய நாட்டு இராணி ஒருவரின் எலும்பு கோவாவுக்கு வந்த காரணம் விளங்கும்.

கேதெவான், கிழக்கு ஜார்ஜியாவின் ககேத்தி அரசைச் சேர்ந்தவர். பாரசீகப் பேரரசர் முதலாம் ஷா அப்பாஸின் படையெடுப்பைத் தடுக்கும் முயற்சியில் தூது சென்ற அவர் பிணைக்கைதியாகவே வைக்கப்பட்டார். சில ஆண்டுகள் ஷிராஸ் நகரில் சிறையிருந்தபின் மதம் மாறுமாறு வற்புறுத்தப்பட்டார், மறுத்தார். 1624 செப்டம்பரில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்போது ஷிராஸில் இருந்த அகஸ்தீன் துறவியர் இதனை எழுதிவைத்தனர். பின்னர் அவர் உடலின் எச்சங்களை மறைவாகத் தோண்டி எடுத்தனர். அதில் பக்தியும் இருந்தது, கணக்கும் இருந்தது. எச்சங்களின் ஒரு பகுதியை இராணியின் மகன் தெய்முராஸிடம் 1628இல் ஒப்படைத்தனர். அதனால் ஜார்ஜியாவில் தங்கள் பணிக்கு இடம் கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. வலக்கையின் எலும்பு 1627இல் கோவா வந்தது. குன்றின்மேலிருந்த மடத்தின் சபைக்கூடச் சிற்றாலயத்தில், ஒரு சாளரத்தருகே கற்பேழையில் அது வைக்கப்பட்டதாகப் போர்த்துகீசிய ஆவணங்கள் கூறுகின்றன.

அந்த மடம் எந்தப் போரிலும் அழியவில்லை. துறவற சபைகளைக் கலைக்கும் போர்த்துகீசிய அரசின் ஆணை 1835இல் கோவாவில் நடைமுறைக்கு வந்தது. துறவியர் வெளியேறினர், பராமரிப்பு நின்றது. செம்புரைக்கல் நீரை உறிஞ்சும் கல். சுண்ணாம்புப் பூச்சு மூடியிருக்கும்வரை அது தாங்கும். பூச்சு உதிர்ந்தால் ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையும் அதை அரிக்கும். ஏழே ஆண்டுகளில், 1842இல், வளைவுக் கூரை இடிந்து விழுந்தது. மறுஆண்டே தலைநகரம் முறைப்படி பணஜிக்கு மாற்றப்பட்டது. கொள்ளைநோய்களால் ஏற்கெனவே ஆளற்றுப்போயிருந்த பழைய நகரின் கட்டடங்கள் பல, கல்லுக்காக உடைக்கப்பட்டன. குன்றின் பெருமணி அகுவாதா கோட்டைக் கலங்கரை விளக்கத்துக்குப் போய், பின்னர் 1871இல் பணஜியின் அமலோற்பவ அன்னை தேவாலயத்தை அடைந்தது. இன்றும் அங்கேயே ஒலிக்கிறது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. கற்பேழை இருந்த இடம் கற்குவியலின் அடியில் மறைந்தது.

இராணியை ஜார்ஜிய மக்கள் மறக்கவில்லை. அவர்களுடைய திருச்சபையில் அவர் புனிதர். 1980களின் இறுதியிலிருந்து அங்கிருந்து வந்த ஆய்வாளர்கள் இந்தியத் தொல்லியல் துறையினரோடு சேர்ந்து தேடினர். பழைய ஆவணம் சொன்ன சாளரம் எது என்று கண்டறிவதே முதல் சிக்கல். அந்தச் சுவரே நிற்கவில்லை. சிற்றாலயத்தின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்து, ஆவணத்தின் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே இடத்தை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 2004இல் ஒரு கையெலும்பு கிடைத்தது.

எலும்பில் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. ஹைதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அதன் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தனர். அது யு1பி என்னும் பிரிவைச் சேர்ந்தது. ஒப்பிடப்பட்ட 22,000க்கும் மேற்பட்ட இந்தியத் துணைக்கண்ட மாதிரிகளில் ஒன்றில்கூட அப்பிரிவு இல்லை. ஜார்ஜியர் 30 பேரின் மாதிரிகளில் இருவரிடம் இருந்தது. ஆயினும் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, இது ‘பெரும்பாலும்’ கேதெவானின் எலும்பு என்ற அளவோடு அவர்கள் நிறுத்திக்கொண்டனர்.

அந்த ஒரு சொல்லில் ஆய்வு நேர்மை இருக்கிறது. எலும்புக்குரியவர் எந்த நிலப்பரப்பின் தாய்வழியினர் என்பதை மரபணு உணர்த்தும். அவர் யார் என்பதைச் சொல்லாது. யாருடைய எலும்பு, எங்கே வைக்கப்பட்டது என்பதை ஆவணம் சொல்லும். கையில் கிடைத்தது அதுதான் என்று அதனால் மெய்ப்பிக்க இயலாது. இரண்டையும் இணைப்பது அகழாய்வில் உறுதியான இடம். கற்குவியலை அள்ளிச் சென்று யாரேனும் வீடு கட்டியிருந்தால், எலும்பு வேறெங்கேனும் அகப்பட்டிருந்தாலும் பெயரற்ற எலும்பாகவே இருந்திருக்கும்.

2021 ஜூலையில் அந்த எச்சத்தின் ஒரு பகுதியை இந்திய வெளியுறவு அமைச்சர் திபிலிசியில் ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தார். இராணி இறந்து அப்போது 396 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய கோவாவின் தேவாலயங்களும் மடங்களும் 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. நிற்கும் கட்டடங்களுக்கு வழிபாடும் வருகையும் காவல். இடிபாட்டுக்கு அவை இல்லை. அதன் கற்கள் கிடந்த இடத்திலேயே கிடப்பதொன்றே அதன் ஆவணம். ஒரு கல் இடம் மாறினாலும் ஒரு வரி அழிகிறது. குன்றேறும் பயணி கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல் தரையையும் சற்றுக் குனிந்து பார்க்கலாம். அங்கே பெயர் பொறித்த பலகைகளுக்கு நடுவே, பெயர் பொறிக்கப்படாத ஒரு மூலையில், இரு நூற்றாண்டுகளுக்குமேல் பேழையிலும் அதன்பின் இடிபாட்டின் அடியிலும் ஓர் அயல்நாட்டு அரசியின் கை இருந்தது.