தைமூர் மாணிக்கத்தில் தைமூர் இல்லை

பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் நகைத் தொகுப்பில் 'தைமூர் மாணிக்கம்' என வழங்கும் சிவப்புக் கல் ஒன்று உள்ளது. எடை 352.5 காரட். பட்டை தீட்டப்படாமல், ஆற்றுக் கூழாங்கல்லைப் போல மழமழப்பாக்கப்பட்ட அதன் மேற்பரப்பில் பாரசீக எழுத்தில் ஆறு பொறிப்புகள் காணப்படுகின்றன. தந்தையிடமிருந்து மகனுக்கும், பின்னர் தோற்றவனிடமிருந்து வென்றவனுக்கும் கைமாறிய ஒரு பரம்பரை நகையின் உரிமைப் பத்திரம் அந்தக் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது எனலாம். அப்பத்திரத்தை வாசித்தவர்கள் ஒரு விருதுப் பெயரில் இடறியதால்தான் கல்லுக்கு இந்தப் பெயரே வாய்த்தது.

பெயரின் இரண்டாம் பாதியும் பொருந்தாது. இது மாணிக்கமன்று, ஸ்பைனல் என்னும் வேறு கனிமம். இன்றைய தாஜிகிஸ்தானுக்குள் அடங்கும் பழைய பதக்‌ஷான் பகுதிச் சுரங்கங்கள் இவ்வகைக் கல்லுக்குப் புகழ்பெற்றவை. ஐரோப்பியர் நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகவே கருதினர். முகலாய அரண்மனைக் கருவூலத்தாருக்கோ அந்தக் குழப்பம் இல்லை: மாணிக்கம் 'யாகூத்', ஸ்பைனல் 'லால்'. பெரிய லால் கற்களை வெட்டிப் பட்டை தீட்டி எடையை இழக்க அவர்கள் விரும்பவில்லை. மோஸ் அளவில் 8 என்ற கடினம் கொண்ட இக்கல்லில் எழுத்து வெட்ட வைரத்தின் துணை வேண்டும். அவ்வளவு உழைப்பில் வெட்டப்படும் வாசகம் சுருக்கமாகத்தான் இருக்கும். சுருக்கமே வாசிப்பவருக்குச் சிக்கலாகிறது.

முதற்பொறிப்பில் அக்பர் ஷா, ஜஹாங்கீர் ஷா என்னும் இரு பெயர்களும் 1021 என்ற எண்ணும் உள்ளன. எண் ஹிஜ்ரி ஆண்டு. அதனுடன் 622-ஐக் கூட்டினால் 1643 வருகிறது. ஜஹாங்கீரோ 1627-இலேயே மறைந்துவிட்டார். ஹிஜ்ரி ஆண்டு சந்திரமானம். ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஓராண்டு வீதம் முன்னே ஓடிவிடும். அதைக் கழித்தால் 1612 கிடைக்கிறது. அப்படியானால் 1605-இல் இறந்த அக்பரின் பெயர் அங்கு ஏன் இருக்கிறது? பாரசீகத்தில் இரு பெயர்களை உறவால் இணைக்கும் 'இ' என்ற குற்றொலி எழுத்தில் வருவதில்லை. வாசிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்து வாசித்தால் 'அக்பர் ஷாவின் மகன் ஜஹாங்கீர் ஷா' என்றாகிறது. ஜஹாங்கீர் காலப் பொருள்களில் இது வழக்கமான வடிவம். ஆகவே இப்பொறிப்பு அக்பரை உடைமையாளராக அன்றி, உடைமையாளரின் தந்தையாகவே குறிப்பிடுகிறது.

அடுத்த பொறிப்பில் பெயரே இல்லை. 'சாகிப் கிரான் சானி, 1038' என்பதோடு முடிகிறது. 'சாகிப் கிரான்' என்றால் மங்கலமான கோள் சேர்க்கையின் அதிபதி. தைமூருக்கு வழங்கிய விருது அது. 'சானி' என்றால் இரண்டாமவர். தைமூரின் வழித்தோன்றலான ஷாஜஹான் தம்மை இரண்டாம் சாகிப் கிரான் என அழைத்துக்கொண்டார். 1038 என்பது 1628-29. அவர் அரியணை ஏறிய புதிது. மூன்றாவது பொறிப்பு ஆலம்கீர், அதாவது ஔரங்கசீப், ஆண்டு 1070. நான்காவது ஃபருக்சியர், 1125. தம் பெரியப்பனான ஜஹாந்தர் ஷாவை வீழ்த்திக் கொன்று 1713-இல் ஆட்சியைப் பிடித்தவர் அவர். அதே ஆண்டிலேயே கல்லில் பெயர் ஏறிவிட்டதை வியப்பதற்கில்லை.

ஐந்தாவதுதான் நீளமானது; வழக்கைத் தொடங்கி வைத்ததும் அதுவே. அரசர்களுக்கு அரசரான சுல்தான் சாகிப் கிரானின் இருபத்தையாயிரம் அசல் மணிகளுள் ஒன்றாகிய இந்த லால், 1153-ஆம் ஆண்டில் இந்துஸ்தானத்து மணித் தொகுதியிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது என்பது அதன் சாரம். 1153 என்பது 1740-41. டெல்லியை 1739-இல் சூறையாடிய நாதிர் ஷாவின் காலம். 1912-இல் லண்டனில் இப்பொறிப்புகளை ஆராய்ந்தபோது, 'சானி' இல்லாத சாகிப் கிரான் தைமூராகத்தான் இருக்க முடியும் எனக் கொள்ளப்பட்டது. அதன் மேல் ஒரு கதையும் வளர்ந்தது: 1398-இல் டெல்லியைச் சூறையாடிய தைமூரே இக்கல்லை எடுத்துச் சென்றாராம்.

முகலாய மரபு ஒன்றையே அளவுகோலாக வைத்தால் அந்த வாசிப்பு நியாயமானதே. ஆனால் ஐந்தாம் பொறிப்பை வெட்டுவித்தவர் முகலாயர் அல்லர். நாதிர் ஷாவின் நாணயங்களில் அரசர்களுக்கு அரசர், சுல்தான், சாகிப் கிரான் ஆகிய விருதுகள் அவருக்கே சூட்டப்பட்டுள்ளன. தைமூரைத் தம் முன்மாதிரியாகக் கொண்ட அவருடைய பேரனின் பெயர், தைமூரின் மகனுடைய பெயரான ஷாருக். ஆக, பொறிப்பு சொல்லும் சாகிப் கிரான் நாதிர் ஷாவே. தைமூர்க் கதைக்கு ஆதாரமில்லை என்பதைச் சூசன் ஸ்ட்ராங் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக நிறுவினார். கல்லின் வாசகத்தைக் கல்லுக்குள்ளேயே வைத்து வாசித்ததுதான் முன்னோர் செய்த தவறு. காலத்தால் ஒத்த நாணயத்தை அருகில் வைத்ததும் சிக்கல் அவிழ்ந்துவிட்டது.

தைமூரின் வம்சத்தார் பெயர் பொறித்த லால் உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகளே சான்று. 1621-இல் ஈரானின் ஷா அப்பாஸ் அனுப்பிய கல்லில் தைமூரின் மகன் ஷாருக், அவர் மகன் உலுக் பேக் என வம்சாவளி முறையாகப் பொறிக்கப்பட்டிருந்தது; ஒரு மூலையில் அப்பாஸின் பெயரும் இருந்தது. ஜஹாங்கீர் தம் பொற்கொல்லர் சயீதாவைக் கொண்டு இன்னொரு மூலையில் தம் பெயரை வெட்டச் செய்து, பின்னர் மகன் குர்ரமுக்கு, அதாவது வருங்கால ஷாஜஹானுக்கு வழங்கினார். இக்குறிப்போடு பொருந்துவதாகக் கருதப்படும் கல் குவைத்தின் அல் சபா சேகரிப்பில் உள்ளது. உலகம் 'தைமூர் மாணிக்கம்' என்றழைப்பது அதையன்று.

ஆறாவது பொறிப்பு அகமது ஷா துரானியுடையது. 1168, அதாவது 1754-55. அவர் விருதான 'துர்ரே துர்ரான்' என்பதற்கு முத்துகளுள் முத்து என்று பொருள். சிவப்புக் கல்லில் முத்தின் பெயர்! அத்தோடு கல் மௌனமாகிவிடுகிறது. லாகூர்க் கருவூலத்தின் தலைவரான ரஞ்சித் சிங் தம் பெயரைப் பொறிக்கவில்லை. 1849-இல் பஞ்சாப் இணைக்கப்பட்டபோது, பத்து வயதுச் சிறுவனான துலீப் சிங்கின் கருவூலத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இக்கல்லையும் எடுத்துக்கொண்டது. 1851-இல் அது விக்டோரியா அரசியை அடைந்தது. 1853-இல் ஒரு கழுத்தணியில் பதிக்கப்பட்டது.

அதே கருவூலத்திலிருந்து லண்டன் போன கோஹினூரில் பொறிப்பு ஏதும் கிடையாது. 1852-இல் அது மறுவெட்டுக்கு உள்ளாகி, ஏறத்தாழ 186 காரட்டிலிருந்து 105.6 காரட்டாகக் குறைந்தது. நாதிர் ஷாவுக்கு முந்தைய அதன் வரலாறு இன்றும் ஊகங்களால் நிறைந்தது. மணிச்சந்தையில் மதிப்புக் குறைந்த ஸ்பைனலை யாரும் வெட்ட முனையாததால் அதன் ஆறு கையெழுத்துகளும் பிழைத்தன. 1849-க்குப் பிறகு அதை வைத்திருப்பவர்கள் ஏழாவதாக எதையும் கல்லில் வெட்டவில்லை. இருப்புப் பட்டியலில் மட்டும் எழுதினார்கள், அந்தக் கல்லில் எங்கும் இல்லாத ஒருவரின் பெயரை.